பழைய காரை விற்பதா, வைத்துக்கொள்வதா: சந்தை விலை சொல்லாத விடை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காரை எப்போது மாற்றுவது என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, பழுதுச் செலவு காரின் சந்தை மதிப்பில் பாதியைத் தாண்டிவிட்டால் அதை விற்றுவிட்டுப் புதிய கார் வாங்குவதே சரி என்ற முடிவைத் தந்திருந்தது. வாகனப் பணிமனையில், வண்டிகளைச் சோதித்து மதிப்பீடு எழுதித் தரும் பிரிவில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், இந்த விதியை உரிமையாளர்கள் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். இதை நம்பி நல்ல வண்டிகளைக் கைவிட்டவர்களையும், இதே விதியின் மறுபக்கத்தை நம்பி, செலவு குறைவுதானே என்று ஓடக்கூடாத வண்டிகளைத் தொடர்ந்து ஓட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு குடும்பத்தின் பணமும் உயிரும் சம்பந்தப்பட்ட முடிவு இது என்பதால், அந்த விதி ஏன் பிழையானது என்பதையும், அதன் இடத்தில் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதையும் சற்று விரிவாகவே எழுதத் தங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

காரின் சந்தை மதிப்பு என்பது, அந்த வண்டியின் வரலாறு ஏதும் அறியாத ஒருவர், அதில் மறைந்திருக்கக்கூடிய எல்லாக் குறைகளுக்கும் சேர்த்துக் கழித்துக்கொண்டு தரச் சம்மதிக்கும் தொகை. ஆயில் எப்போது மாற்றப்பட்டது, கிளட்ச் எப்போது போடப்பட்டது, வண்டி எங்காவது மோதியதா என்பதையெல்லாம் அறிந்த உரிமையாளருக்கு அந்த வண்டி தரும் பயன் வேறு. அறியாதவர் தரும் விலை வேறு. பழுதுச் செலவை இந்த இரண்டாவது எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒப்பிட வேண்டியது, இந்தக் காரை இன்னும் ஓராண்டு வைத்திருக்க ஆகும் செலவையும், அதற்குப் பதிலாக வரப்போகும் காரை அதே ஓராண்டு வைத்திருக்க ஆகும் செலவையும்தான்.

எளிய கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். பழைய காரை விற்றால் 100 பங்கு கிடைக்கும், பழுதுக்கு 60 பங்கு ஆகும், புதிய காரின் விலை 1,000 பங்கு என்று வைத்துக்கொள்வோம். கட்டுரை சொன்ன விதிப்படி இந்த வண்டியை உடனே விற்றுவிட வேண்டும். ஆனால் பெரும்பாலான புதிய கார்கள் முதல் ஆண்டிலேயே தங்கள் விலையில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை இழந்துவிடுவது வழக்கம். அதாவது, வாங்கியவர் கையை விட்டு எந்தப் பில்லும் இல்லாமலேயே 100 முதல் 200 பங்கு வரை போய்விடுகிறது. கடன் வாங்கியிருந்தால் வட்டி வேறு, விலை உயர்ந்த வண்டி என்பதால் கூடுதல் காப்பீட்டுத் தொகை வேறு. பழைய கார் இழக்க வேண்டியதை ஏற்கெனவே இழந்து முடித்துவிட்டது. பழுதுக்கான 60 பங்கு பணிமனையின் மேசையில் பில்லாக நீட்டப்படுவதால் கண்ணை உறுத்துகிறது. தேய்மானமாகக் கரையும் 200 பங்கை யாரும் பில் போட்டு நீட்டுவதில்லை என்பதால் அது கணக்கில் ஏறுவதே இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு பிழையும் உண்டு. போன ஆண்டுதான் இவ்வளவு செலவழித்தோம், இப்போது விற்றால் அது வீண் அல்லவா என்று கேட்பவர்கள் ஏராளம். போன பணம் போனதுதான். விற்றாலும் அது திரும்பாது, வைத்துக்கொண்டாலும் திரும்பாது. ஆனால் அந்தப் பழைய பில்களுக்கு வேறொரு பயன் உண்டு. கடந்த சில ஆண்டுகளின் பில்களை எடுத்துவைத்து, அவற்றை இரண்டு கட்டுகளாகப் பிரித்துப் பாருங்கள். டயர், பேட்டரி, பிரேக் பேட், கிளட்ச் பிளேட், டைமிங் பெல்ட், ஷாக் அப்சார்பர் ஆகியவை ஒரு கட்டு. இவை ஓடும் எந்தக் காருக்கும் வரும் செலவுகள். புதிய கார் வாங்கினாலும் சில ஆண்டுகளில் இவை வந்தே தீரும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத மின்கோளாறு, ஒருமுறை சரிசெய்தும் மீண்டும் சூடேறும் என்ஜின், கியர்பாக்ஸில் திரும்பத் திரும்ப வரும் தொல்லை ஆகியவை மற்றொரு கட்டு. முதல் கட்டு தடிமனாக இருந்தால் அந்த வண்டி முறையாகப் பேணப்படுகிறது என்று பொருள். அதை விற்பவர், தான் போட்ட புதிய பாகங்களை அடுத்தவருக்கு மலிவாகக் கொடுக்கிறார். இரண்டாவது கட்டு ஆண்டுக்கு ஆண்டு தடித்துக்கொண்டே போனால், மொத்தத் தொகை சிறியதாக இருந்தாலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பணக் கணக்கை இத்துடன் நிறுத்திக்கொண்டு, ஒரு காரின் ஆயுளை உண்மையில் முடித்துவைப்பது எது என்பதற்கு வருகிறேன். பலரும் என்ஜின் என்றே நினைக்கிறார்கள். என்ஜினைக் கழற்றிச் சீரமைக்கலாம், வேறு என்ஜின் பொருத்தவும் செய்யலாம். ஆனால் இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரைத் தகடும் பக்கவாட்டுத் தகடுகளும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட கூடுதான் வண்டியின் முழுச் சுமையையும், மோதலின்போது வரும் விசையையும் தாங்குகிறது. அந்தக் கூட்டைத் துரு தின்றுவிட்டால், என்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் அந்தக் காரின் கதை முடிந்தது.

துருவை மேலிருந்து பார்த்து அறிய முடியாது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதியையும், ஜாக்கி வைக்கும் இடங்களையும், பின்சக்கரத்தின் சஸ்பென்ஷன் உடலோடு சேரும் முனைகளையும் பார்க்க வேண்டும். இந்த இடங்களில் பெயின்ட் சிறு கொப்புளங்களாக எழும்பியிருந்தால், துரு உள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வெளியே ஒரு விரல்நுனி அளவு தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு பரவியிருப்பது சாதாரணம். நாங்கள் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தகட்டை மெல்லத் தட்டிக்கொண்டே போவோம். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் வந்ததும் ஓசை மங்கி, தட்டிய கைக்கு ஒரு நொறுங்கலே தெரியும். சில வண்டிகளில் செதில்கள் உதிர்ந்து கைப்பிடியே உள்ளே போய்விடும். அதன் மேல் முன்பே யாராவது பட்டி தடவிக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால், பார்வைக்கு அது புதிது போலவே இருக்கும். அதனால்தான் தட்டிப் பார்க்காமல் எழுதப்படும் மதிப்பீட்டை நான் மதிப்பதில்லை. உள்ளே தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதும், வண்டிக்கு அடியில் ஓடும் இரும்பு பிரேக் குழாய்களைத் துணியால் துடைத்துப் பார்ப்பதும் இதே சோதனையின் பகுதிகள். கதவின் அடி விளிம்பிலோ பானெட்டிலோ உள்ள துரு அழகுக் குறை மட்டுமே, டிங்கரிங் செய்துவிடலாம். சுமை தாங்கும் இடங்களில் துரு பரவிவிட்டால், அந்த வண்டியை வைத்திருக்கும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

என்ஜினைப் பொறுத்தவரை அச்சத்தைவிடச் சோதனையே மேல். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பாக வந்தால் எரிபொருள் அளவுக்கு மீறிப் போகிறது. என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் அடர்ந்த வெண்புகை தொடர்ந்தால், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் உள்ளே கசிகிறது என்று ஐயப்பட வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளந்து பார்க்கும் கம்ப்ரஷன் சோதனைக்கு அதிக நேரம் ஆகாது. நான்கு சிலிண்டர்களும் தயாரிப்பாளர் குறித்த அளவுக்குக் குறையாமல், ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டினால், ஓடோமீட்டர் எந்த எண்ணைக் காட்டினாலும் அந்த என்ஜினுக்குள் இன்னும் உயிர் இருக்கிறது. அமெரிக்காவில் அறிவியல் ஆசிரியராக இருந்த இர்வ் கார்டன், 1966 இல் வாங்கிய வால்வோ பி1800 காரில் 2013 ஆம் ஆண்டு 30 லட்சம் மைல்களை, அதாவது 48 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டினார். அவர் கையாண்ட முறையில் மாயம் ஏதுமில்லை. உரிய காலத்தில் ஆயில் மாற்றுவதும், சிறு ஓசை கேட்டாலும் அதைத் தள்ளிப்போடாமல் கவனிப்பதும்தான்.

தள்ளிப்போடுவதால் சிறு செலவு எப்படிப் பெருஞ்செலவாகிறது என்பதற்கு ஒரு பாகத்தைச் சொல்கிறேன். முன்சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் இரு முனைகளிலும் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். பணிமனைகளில் அதை பூட் என்போம். ஆண்டுகள் ஆக ஆக அந்த மடிப்பின் பள்ளத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழுகிறது. சக்கரம் சுழலும்போது உள்ளிருக்கும் கறுப்பு கிரீஸ் அந்த வெடிப்பின் வழியாகச் சிதறி, சக்கரத்தின் உட்புறத்தில் வட்டமாகத் தெறித்திருக்கும். அந்தக் கட்டத்தில் பார்த்துவிட்டால் உறையை மட்டும் மாற்றி, புது கிரீஸ் நிரப்பினால் போதும். பார்க்காமல் விட்டால் தூசியும் நீரும் உள்ளே புகுந்து, உருளைகள் தேய்ந்து, திருப்பத்தில் கடகடவென்ற ஓசை வரும்போது முழு ஜாயின்டையும் மாற்ற வேண்டியிருக்கும். என்ஜினின் வால்வுகளைப் பிஸ்டன்களோடு இசைந்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட்டும் இப்படித்தான். அதைக் குறித்த கிலோமீட்டருக்குள்ளும், வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் குறித்த ஆண்டுகளுக்குள்ளும் மாற்ற வேண்டும். பல என்ஜின்களில் அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி என்ஜினே சிதைந்துவிடும். இப்படிப் பராமரிப்பின்றி விடப்பட்ட வண்டி உடைந்து நிற்கும்போது, பழைய கார் என்றால் இப்படித்தான் என்று வயதின் மேல் பழியைப் போடுவது நியாயமில்லை.

இதுவரை நான் எழுதியது பழைய காருக்கு ஆதரவாகவே இருக்கிறது. ஆயினும் எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாத ஒன்று உண்டு, அது பாதுகாப்பு. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதே இக்கடிதத்தை எழுத என்னைத் தூண்டியது. பழைய வண்டிகளில் இரும்பு தடிமன், அதனால் அவை உறுதியானவை என்ற நம்பிக்கை இன்னமும் பரவலாக இருக்கிறது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் 2009 இல், 1959 ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் காரையும் 2009 ஆம் ஆண்டின் செவர்லே மாலிபு காரையும் நேருக்கு நேர், பக்கம் ஒதுங்கியவாறு மோதவிட்டுக் காட்டியது. பார்வைக்குக் கோட்டை போலிருந்த பழைய காரின் ஓட்டுநர் அறை மடிந்து உள்ளே சுருங்கியது. அதில் இருந்தவர் உயிர் பிழைத்திருக்க மாட்டார் என்பதும், புதிய காரில் இருந்தவர் காலில் சிறு காயத்தோடு தப்பியிருப்பார் என்பதும் அந்தச் சோதனையின் முடிவு. ஐம்பது ஆண்டு இடைவெளி மிகப் பெரிது என்று சிலர் சொல்லலாம். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2017 இல், 1997 ஆம் ஆண்டின் ரோவர் 100 காரையும் அண்மைக்கால ஹோண்டா ஜாஸ் காரையும் ஒரே வகைச் சோதனைக்கு உட்படுத்தியது. இடைவெளி இருபது ஆண்டுகள்தான்; பழைய காரின் அறை நொறுங்கியது, புதியதன் அறை வடிவம் குலையாமல் நின்றது.

ஆகவே, காரின் வயது எத்தனை என்று கேட்பதை விட்டுவிட்டு, அதில் எந்தப் பாதுகாப்பு வசதிகள் உள்ளன என்று கேட்க வேண்டும். மூன்று முனை சீட் பெல்ட் 1959 லேயே வந்துவிட்டது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், இன்றைய மின்னணு வடிவில் 1978 முதல் கார்களில் வரத் தொடங்கியது. இன்று அவை ஏறத்தாழ எல்லாக் கார்களிலும் உள்ளன. பழைய கார்களில் பெரும்பாலும் இல்லாததும், இருந்தே ஆக வேண்டும் என்று நான் கருதுவதும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்னும் அமைப்பு. வளைவிலோ ஈரச் சாலையிலோ வண்டி, ஓட்டுநர் திருப்பிய திசையில் செல்லாமல் சறுக்கத் தொடங்கியதை உணர்ந்து, தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் கொடுத்து வண்டியை நேர்ப்படுத்துவது அதன் வேலை. 1995 இல் சொகுசுக் கார் ஒன்றில் அறிமுகமான இந்த அமைப்பு, அமெரிக்காவில் 2012 மாடல் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 இன் இறுதியிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாயிற்று. வேறு வண்டி சம்பந்தப்படாமல் ஒரே கார் தடுமாறி நிகழும் உயிரிழப்பு விபத்துகளை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. இதை எந்தப் பணிமனையிலும் பிறகு பொருத்திக்கொள்ள முடியாது. பக்கவாட்டு ஏர்பேக்குகளும் அப்படியே.

யார் அந்தக் காரில் போகிறார்கள் என்பதும் இங்கே முக்கியம். மெதுவான வேகத்தில், பகல் நேரத்தில், அறிந்த சாலையில் மட்டும் ஓட்டும் அனுபவமுள்ள ஒருவருக்கு இந்த வசதிகள் இல்லாத கார் இன்னும் சில காலம் போதுமானதாக இருக்கலாம். அதே காரை, புதிதாக ஓட்டக் கற்ற மகனுக்கோ மகளுக்கோ கொடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பிள்ளை பழகும்வரை பழைய வண்டி போதும், கீறினாலும் பரவாயில்லை என்று பல பெற்றோர் சொல்கிறார்கள். தகட்டில் விழும் கீறலைப் பற்றிய கவலையில், அனுபவம் மிகக் குறைந்தவரைப் பாதுகாப்பு மிகக் குறைந்த வண்டியில் அவர்கள் உட்கார வைக்கிறார்கள். குழந்தை இருக்கையைப் பொருத்துவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இல்லாத காரில் கைக்குழந்தையோடு தினமும் நெடுந்தூரம் போகும் குடும்பமும், செலவைப் பாராமல் வேறு காருக்கு மாற வேண்டிய குடும்பமே.

காரை வைத்துக்கொள்வதென முடிவு செய்தவர்கள் உடனே செய்ய வேண்டிய சில சோதனைகளும் உண்டு. முதலாவது, தங்கள் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, தயாரிப்பாளரின் திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்று பார்ப்பது. டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளை விரிக்கப் பயன்படுத்தப்பட்ட அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, விரிய வேண்டிய நேரத்தில் வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. உலகெங்கும் சுமார் பத்துக் கோடி ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்கள் திரும்பப் பெறப்பட்டன. பல கைகள் மாறிய பழைய கார்களின் உரிமையாளர்களுக்கு அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்காது; மாற்றித் தர அவர்கள் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அடுத்தது டயர். அதன் பக்கவாட்டில் பதித்திருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் வாரத்தையும் பின் இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் அது 2019 இன் 23 ஆம் வாரத்தில் தயாரானது. பள்ளம் தேயாமல் இருந்தாலும் பத்து ஆண்டு கடந்த டயரில் ஓடக்கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பிறகு தர அளவீட்டில் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் சூடேறிய ஆயில் கொதித்து ஆவியாகி, பிரேக் பெடல் திடீரென்று தரைக்கு இறங்குவது இதனால்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது எந்தக் காருக்கும் கட்டுப்படியாகும் செலவு.

சுற்றுச்சூழலின் பேரால் பழைய கார் உரிமையாளர்கள் குற்றவாளிகளாக்கப்படுவதையும் கட்டுரையில் கண்டேன். இதில் எல்லோருக்கும் ஒரே விடை கிடையாது. விடை வண்டி ஓடும் தூரத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. பழைய கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டரும் புதியது 18 கிலோமீட்டரும் ஓடும் என்று கொண்டால், ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர் மாற்றத்தால் மிச்சப்படுத்துவது சுமார் 320 கிலோ. நடுத்தர அளவுள்ள ஒரு புதிய பெட்ரோல் காரைத் தயாரிக்கும்போதே 6 டன் அளவுக்கு வெளியாகிறது என்ற மதிப்பீட்டைக் கொண்டால், அதை ஈடுகட்டவே அவருக்கு ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கோ மிச்சம் 1.6 டன், நான்கு ஆண்டுக்குள் கணக்கு நேராகிவிடும். மின்சாரக் காரைத் தயாரிக்கையில் பேட்டரியின் காரணமாக வெளியேற்றம் இன்னும் கூடுதல். அதிகம் ஓடுபவர் கையில்தான் அது விரைவில் ஈடுகட்டப்படும். ஆனால் இந்தக் கணக்கு கரியமில வாயுவுக்கு மட்டுமே. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இல்லாத, அல்லது அது செயலிழந்துபோன கார், தெருவில் நடப்பவர் சுவாசிக்கும் காற்றில் கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் பன்மடங்கு கலக்கிறது. அதைச் சரிசெய்ய முடியாவிட்டால் குறைவாக ஓட்டுகிறேன் என்ற சமாதானம் போதாது.

அமெரிக்க அரசு 2009 இல் பழைய கார்களைக் கொடுத்துவிட்டு எரிபொருள் சிக்கனமுள்ள புதிய கார்களை வாங்குவோருக்கு ஊக்கத்தொகை தந்தபோது, சுமார் 6.8 லட்சம் வண்டிகள் ஒப்படைக்கப்பட்டன. அவை மீண்டும் ஓடாதிருக்க, ஆயிலை வடித்துவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, இறுகி நிற்கும்வரை என்ஜினை ஓட்டினார்கள். அவற்றில் நல்ல நிலையில் இருந்த என்ஜின்களும் அடக்கம். அந்தத் திட்டத்தின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒருவர் கவனமாகப் பேணிய என்ஜினும் கவனிப்பாரற்றுக் கிடந்த என்ஜினும் ஒரே கரைசலில் முடிந்ததை என் தொழிலைச் சேர்ந்த எவரும் வருத்தமின்றிக் கடந்துவிட முடியாது.

நம்பிக்கை என்ற சொல்லைப் பற்றிச் சிறிது. என் கார் என்னை நடுவழியில் விட்டதில்லை என்று உரிமையாளர்கள் சொல்வதைக் கட்டுரை வெறும் பாசம் என்று ஒதுக்கியிருந்தது. அந்த நம்பிக்கைக்குள் பாசம் மட்டுமல்ல, ஆண்டுகளாகச் சேர்ந்த அறிவும் இருக்கிறது. காலையில் கிளப்பும்போது வரும் ஓசை எது இயல்பு, எது புதிது என்று அவர்களுக்குத் தெரியும். ஸ்டியரிங்கின் இழுவை சற்று மாறினாலும் கைக்குத் தெரியும். வேறொரு பழைய காரை வாங்கி இதற்கு மாற்றாக வைக்க நினைப்பவர்கள் இந்த அறிவை இழந்து, அறியாத ஒருவரின் அலட்சியத்தை விலை கொடுத்து வாங்க நேரிடலாம். ஆயினும் நம்பிக்கை நேற்று வரையிலான சாட்சியம் மட்டுமே. இரவில் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நோயாளி வீட்டில் இருந்தால், அல்லது உதிரி பாகம் கிடைக்காமல் வண்டி வாரக்கணக்கில் பணிமனையில் நிற்கத் தொடங்கிவிட்டால், இதுவரை கைவிடவில்லை என்பதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

முடிவை எடுக்கும் நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி லிஃப்டில் கழற்றிக் கிடக்கும்போது, பெரிய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கப்படும் முடிவு பெரும்பாலும் கோபத்தின் முடிவாகவோ பயத்தின் முடிவாகவோ இருக்கிறது. அந்த நேரத்தில் வாங்கும் காரும் கிடைத்த விலைக்குக் கிடைத்த காராகவே அமைகிறது. வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆண்டுக்கு ஒருமுறை, பழுது பார்க்கும் வேலை தனக்கு வரும் என்ற எதிர்பார்ப்பு இல்லாத வேறொரு மெக்கானிக்கிடம் அதைக் காட்டி, அடித்தகடு, பிரேக், சஸ்பென்ஷன், என்ஜின் ஆகியவற்றின் நிலையை எழுதி வாங்கிவைக்க வேண்டும். எந்தக் குறை வந்தால் நிறுத்திவிடுவது என்பதையும் அப்போதே வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

தங்கள் வாகனப் பகுதியில் வாரந்தோறும் புதிய கார்களின் திரையளவும் இருக்கைத் துணியும் விரிவாக அலசப்படுகின்றன. ஏற்கெனவே வைத்திருக்கும் காரை எப்படிச் சோதிப்பது, எந்தெந்த மாடல்களில் எந்தப் பாதுகாப்பு வசதி எந்த ஆண்டு முதல் வந்தது, எவற்றுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு நிலுவையில் உள்ளது என்பவற்றுக்கும் அதே பகுதியில் ஒரு பத்தி ஒதுக்கினால், புதியது வாங்கும் நிலையில் இல்லாத பெரும்பான்மை வாசகர்களுக்கு அது மிகவும் பயன்படும். விற்பதென்று முடிவு செய்பவர்கள், பட்டி தடவி மறைக்காமல், உள்ள குறைகளை எழுதிக் கொடுத்து, சர்வீஸ் புத்தகத்தையும் பில்களையும் வாங்குபவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் அந்தப் பத்தியில் வலியுறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். அடித்தகடு துருப்பிடித்த காரை மட்டும் எந்த விலைக்கும் இன்னொரு குடும்பத்துக்கு விற்காமல், பிரித்தெடுக்கும் இடத்துக்கே அனுப்பிவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வாகனச் சோதனையாளர்